உட்கார ஒரு நாற்காலி: வேலையிடம் பற்றி வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் "வேலை பார்க்கிற இடத்தில் மனசுக்குக் கஷ்டமாக ஏதாவது நடக்கிறதா, எழுதுங்கள்" என்று ஒரு வரி போட்டிருந்தோம். இப்படிக் கட்டுக்கட்டாக வரும் என்று யாரும் நினைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் பதில் எழுத இடமில்லை, கொஞ்சம் பொறுக்கி எடுத்திருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் ஊர் மட்டும்தான். என்னைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் பர்சனல் டிபார்ட்மென்ட்டில் (இப்போது அதற்கு எச்.ஆர். என்று பெயர்) 22 வருஷம் குப்பை கொட்டியவள். வக்கீல் இல்லை. அதனால் நான் சொல்லும் சட்டத்தை உங்கள் ஊர்த் தொழிலாளர் துறை அலுவலகத்தில் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கும்பகோணத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். 14 பேர் வேலை பார்க்கிறார்கள், 11 பேர் பெண்கள். பக்கத்துக் கடைகளைவிட 1000 ரூபாய் கூடவே கொடுக்கிறேன். தீபாவளிக்குப் போனஸ், துணி, ஸ்வீட் பாக்ஸ், யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் கேக். குடும்பம் மாதிரிதான் நடத்துகிறேன். ஆனாலும் புதிதாக வருகிற பெண்கள் 3 மாதம் தாண்டுவதில்லை. நான் என்ன குறை வைத்தேன்?
– கும்பகோணம்

கேக்கை விடுங்கள் சார். உங்கள் கடிதம் 4 பக்கம். அதில் ஓர் இடத்தில்கூட நாற்காலி என்ற சொல் வரவில்லை. காலை 9.30-க்குத் திறந்து இரவு 9-க்கு மூடுகிற கடை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெண்கள் எப்போது உட்காருகிறார்கள்?

2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். கடையில் வேலை செய்கிற எல்லாருக்கும் உட்கார வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே சந்தர்ப்பம் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ளலாம். அவ்வளவுதான் அந்தத் திருத்தம். இதைக்கூடச் சட்டம் போட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது. நமக்கு முன்னாலேயே 2018-ல் கேரளா செய்துவிட்டது. அங்கே அது தானாக வரவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள், விஜி என்ற தையல்காரப் பெண்ணின் பின்னால் திரண்டு வருஷக்கணக்கில் போராடி வாங்கியது. அவர்கள் முதலில் கேட்டது நாற்காலிகூட இல்லை, கழிப்பறை. கடையில் கழிப்பறை கிடையாது என்பதால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் நின்ற பெண்கள் அவர்கள்.

உங்கள் கடையில் கழிப்பறை இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அதற்குப் போக ஃப்ளோர் மேனேஜரிடம் கேட்டுவிட்டுப் போக வேண்டுமா? அவர் ஆம்பளையா? 19 வயசுப் பெண் மாதவிடாய் நாளில் அவரிடம் போய் மூன்றாவது தடவையாக எப்படிக் கேட்பாள்? இதெல்லாம் எங்கள் காதுக்கு வராது என்பீர்கள். வராதுதான். வேலையை விட்டு நிற்கும்போது "வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

அப்புறம் சாப்பாட்டு நேரம். சென்னையில் 1918 ஏப்ரலில் தொழிலாளர் சங்கம் தொடங்கினார்களே, பி.பி. வாடியா, திரு.வி.க. எல்லாம் முன்னால் நின்ற சங்கம், அதற்கு வித்திட்ட மனக்குறைகளில் முக்கியமான ஒன்று என்ன தெரியுமா? பெரம்பூர் பஞ்சாலையில் மதியம் சாப்பிட விடுகிற நேரம் கைகழுவிச் சாப்பிட்டு முடிக்கப் போதவில்லை என்பது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. உங்கள் கடையில் சாப்பிடப் போன பெண்ணை முகூர்த்த நாள் கூட்டம் என்று பாதிச் சோற்றில் எழுப்பிக் கூப்பிட்டது கடைசியாக எப்போது என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். ஸ்டாக் குறைந்தால் அந்தப் பிரிவில் நின்றவர்கள் சம்பளத்தில் பிரித்துப் பிடிக்கிற வழக்கம் நிறையக் கடைகளில் உண்டு. யாருடைய கவனக்குறைவு என்று காட்டாமல், விளக்கம் கேட்காமல் அப்படிப் பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை. ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் போனால் ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். பக்கத்துக் கடையைவிட நீங்கள் கூடக் கொடுக்கும் 1000 ரூபாயை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்த்தால் நீங்களே சிரிப்பீர்கள்.

"குடும்பம் மாதிரி" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் பயம். குடும்பத்தில் யார் ஓவர்டைம் கேட்க முடியும்? குடும்பம் என்று சொல்கிற முதலாளியிடம் லீவு கேட்பதுதான் இருப்பதிலேயே கஷ்டம், கேட்டால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவோம். உங்களைக் குறை சொல்லவில்லை, நல்ல மனசோடுதான் சொல்கிறீர்கள் என்று தெரிகிறது. ஆனால் அந்தப் பெண்களுக்கு வீட்டில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறது. உங்களிடமிருந்து வேண்டியது வாரத்தில் எந்த நாள் லீவு என்று முன்கூட்டியே தெரிகிற ஓர் அட்டவணை. சுவரில் ஒட்டுங்கள். ஒட்டியதை நீங்களே மாற்றாதீர்கள்.

ஒரே ஒரு நாள், கல்லாவை யாரிடமாவது கொடுத்துவிட்டு, சேலைப் பிரிவில் காலையிலிருந்து இரவு வரை நின்று பாருங்கள். சுவரில் சாயாமல். அதற்கு அடுத்த நாளே ஸ்டூல் வாங்கிவிடுவீர்கள்.

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டு இன்சார்ஜாக இருக்கிறேன். எனக்குக் கீழே 9 நர்ஸ்கள். யாருமே தப்பு நடந்தால் வந்து சொல்வதில்லை. போன மாதம் ஒரு நோயாளிக்கு ஆன்டிபயாடிக் ஒரு வேளை விட்டுப்போனதை 3 நாள் கழித்து நானாகச் சார்ட்டைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். எல்லார் முன்னாலும் நன்றாகக் கேட்டுவிட்டேன். கண்டிப்பாக இருந்தால்தானே பயம் இருக்கும்? மேட்ரனோ நான் ரொம்பக் கோபப்படுகிறேன் என்கிறார்.
– மதுரை

பயம் இருக்கிறது சிஸ்டர், தேவைக்கு மேலேயே இருக்கிறது. அதனால்தான் 3 நாள்.

என் கதையைச் சொல்கிறேன். சம்பளப் பட்டியலில் ஒரு தப்பு வந்ததற்காக என்னிடம் வேலை பார்த்த ஒரு பெண்ணை ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். மாதக் கடைசி, எனக்கும் மேலே இருந்து நெருக்கடி, அதெல்லாம் இருந்தது. ஆனால் கத்தியது கத்தியதுதான். அதற்கப்புறம் அவள் தப்பே செய்யவில்லை, அதாவது அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். 7 மாதம் கழித்து ஒரு தொழிலாளி மனைவியின் பிரசவத்துக்கு இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போனால் அவர் பெயரிலேயே பணம் கட்டவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பார்த்தால், புதிதாகச் சேர்ந்த 5 பேரைப் பதிவு செய்யாமல் விட்டுப்போயிருக்கிறது. அவளுக்கு இரண்டாவது மாதமே தெரியும். என்னிடம் சொல்லப் பயந்து, எப்படியாவது சரிசெய்துவிடலாம் என்று டிராயரில் வைத்துப் பூட்டியிருக்கிறாள். அந்தத் தொழிலாளி தனியார் ஆஸ்பத்திரியில் கடன் வாங்கிக் கட்டினார். அதில் யாருடைய தப்பு பெரியது என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன், பெரும்பாலும் பதில் எனக்குச் சாதகமாக வருவதில்லை.

ஏமி எட்மண்ட்சன் என்று ஹார்வர்டில் ஒரு பேராசிரியை. 1990-களில் அவர் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கிற தவறுகளைப் பற்றி ஓர் ஆய்வில் சேர்ந்தார். நன்றாக ஒத்துழைத்து வேலை செய்கிற வார்டில் தவறு குறைவாக இருக்கும் என்பதுதான் அவர் எதிர்பார்ப்பு. கணக்கைப் பார்த்தால் தலைகீழ், நல்ல வார்டுகளில்தான் தவறு அதிகமாகப் பதிவாகியிருந்தது. முதலில் அவருக்கே குழப்பம். அப்புறம்தான் புரிந்தது: அங்கே தவறு அதிகம் நடக்கவில்லை, நடந்ததை வாய்விட்டுச் சொல்கிறார்கள். திட்டு விழும் வார்டில் எல்லாம் சார்ட்டுக்கு அடியில் போய்விடுகிறது. உங்கள் வார்டின் பதிவேட்டில் தவறே இல்லை என்றால் அதைப் பார்த்து மேட்ரன் சந்தோஷப்படக் கூடாது.

ஜப்பானில் டொயோட்டா கார்த் தொழிற்சாலையில், கார்களைப் பூட்டுகிற வரிசை நெடுகிலும் பல காலம் ஒரு கயிறு தொங்கியது. ஏதாவது பிசகு கண்ணில் பட்டால் சாதாரணத் தொழிலாளிகூட அதை இழுக்கலாம். குழுத் தலைவர் ஓடி வருவார், அந்த இடத்திலேயே சரிசெய்ய முடியாவிட்டால் வரிசையே நிற்கும். இழுத்தவரை "ஏன் இழுத்தாய்" என்று யாரும் முறைப்பதில்லை என்பதால்தான் அந்தக் கயிற்றால் பிரயோசனம், இல்லாவிட்டால் அது துணி காயப்போடத்தான் லாயக்கு.

சரி, உங்கள் வார்டில் எங்கே கயிற்றைக் கட்டுவது? அடுத்த முறை ஒருத்தி வந்து "சிஸ்டர், மருந்து மாறிப்போச்சு" என்று சொல்லும்போது உங்கள் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தையில்தான். "பேஷண்ட் எப்படி இருக்கார்?" என்று கேளுங்கள். இரண்டாவதாக, "டாக்டருக்குச் சொல்லியாச்சா, நான் பேசவா?" என்று. "எப்படி மாறியது" என்பதை அன்றைக்கு மாலையோ மறுநாளோ உட்கார்ந்து பேசுங்கள். அப்போதும் யார் என்பதைவிட எப்படி என்பதில் நில்லுங்கள். ஒரே மாதிரி லேபிள் போட்ட இரண்டு ஆம்பூல் ஒரே டிரேயில் இருந்ததா? பொட்டாசியம் குளோரைடு மாதிரி ஆபத்தானதை வார்டில் மற்ற மருந்தோடு கலந்து வைக்கக் கூடாது என்று நர்சிங் படித்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் உங்கள் அலமாரியை ஒருமுறை திறந்து பாருங்கள். ஆன்டிபயாடிக் விட்டுப்போன அன்றைக்கு ராத்திரி டூட்டியில் எத்தனை பேர் இருந்தார்கள்? 9 பேர் பட்டியலில் இருப்பது வேறு, அன்றைக்கு 30 படுக்கைக்கு ஒருத்தி ஓடியது வேறு.

எல்லாவற்றையும் மன்னித்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. மருந்தே கொடுக்காமல் கொடுத்ததாக டிக் போடுவது, மறைப்பதற்காக நேரத்தை மாற்றி எழுதுவது, இதற்கெல்லாம் கண்டிப்பு வேண்டும். தெரியாமல் செய்ததற்கும் தெரிந்தே மறைத்ததற்கும் ஒரே திட்டு என்றால் மறைப்பதுதான் லாபம் என்று யாருக்கும் தோன்றும்.

எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன் என்றீர்களே, அந்தப் பெண்ணிடம் எல்லார் முன்னாலுமே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அடுத்த ஹேண்ட்ஓவரில் (டூட்டி மாற்றும்போது), "அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்று. மரியாதை குறைந்துவிடும் என்று பயப்படாதீர்கள். நான் அதைச் செய்யவில்லை. அந்தப் பெண் வேறு வேலைக்குப் போய்விட்டாள்.

எனக்கு 28 வயது. ஐ.டி. கம்பெனியில் டீம் லீடாகி 5 மாதம் ஆகிறது. என்னுடைய பழைய லீட் எல்லார் முன்னாலும் திட்டுவார், அதனால் நான் அப்படி இருக்கவே கூடாது என்று முடிவு செய்தேன். இப்போது 6 பேரில் ஒருவன் 3 ஸ்பிரின்ட்டாக (சில வாரத்துக்குள் முடிக்க வேண்டிய வேலைத் தவணை) வேலையை முடிப்பதில்லை. நண்பன் வேறு. அவன் வேலையையும் நானே ராத்திரி உட்கார்ந்து முடிக்கிறேன். அன்பாக இருந்தால் தலையில் ஏறி உட்காருகிறார்கள், என்ன செய்வது மேடம்?
– சென்னை, சோழிங்கநல்லூர்

தம்பி, நீங்கள் அவனிடம் அன்பாக இல்லை, அவனோடு பேசப் பயப்படுகிறீர்கள். இது சுருக்கென்று இருந்தால் மன்னிக்கவும். 3 ஸ்பிரின்ட் என்றால் 6 வாரம் வைத்துக்கொள்ளலாமா? 6 வாரமாக ஒரு மனுஷனுக்கு ஏதோ சரியில்லை, அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ராத்திரி 1 மணிக்கு அவன் புரோகிராமை நீங்கள் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். மீதி 5 பேர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒழுங்காக வேலை செய்கிறவனுக்குக் கூடுதல் வேலை, செய்யாதவனுக்கு லீடே செய்துகொடுக்கிறார் என்று அவர்கள் கணக்குப் போட்டு முடித்திருப்பார்கள்.

நாளைக்கே அவனைக் கூட்டிக்கொண்டு போய் டீ வாங்கிக்கொடுங்கள். கேன்டீன் வேண்டாம், வெளியே. "மூணு ஸ்பிரின்ட்டா உன் டாஸ்க் நிக்குது, நான்தான் முடிச்சிட்டு இருக்கேன், இனிமே முடிக்க மாட்டேன். என்ன பிரச்சினை?" இவ்வளவு போதும், அப்புறம் நீங்கள் பேசாதீர்கள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் இருக்கலாம், வேறு கம்பெனி இன்டர்வியூவுக்குப் படித்துக்கொண்டிருக்கலாம், அந்த மாட்யூல் அவனுக்குப் புரியாமலே இருக்கலாம் (இதுதான் அதிகம் நடக்கிறது, சொல்ல வெட்கம்). ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. எதுவும் சொல்லாமல் வைத்திருந்து ஏப்ரல் அப்ரைசலில் ரேட்டிங்கைக் குறைத்துக் கொடுத்தால், அது உங்கள் பழைய லீட் திட்டியதைவிட மோசம்.

அப்புறம் அந்த ராத்திரி வேலை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வேலைக் களைப்பால் மனசு எரிந்துபோவதை, நோய் என்று சொல்லாவிட்டாலும், வேலையால் வருகிற நிலை என்று தன் பட்டியலில் சேர்த்தது. நீங்கள் 1 மணிக்கு அனுப்புகிற மெசேஜைப் பார்த்து மற்றவர்களும் விழித்திருக்க வேண்டுமோ என்று நினைப்பார்கள். எழுதி வைத்து, காலை 10 மணிக்குப் போகிற மாதிரி நேரம் போட்டுவிடுங்கள்.

ஒரு ஃபவுண்டரியின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். புதிதாக ஒரு பையன் சேர்ந்தான். முதல் வாரமே எங்கள் சீனியர் "எந்த ஊர்?", "ஊர்ல எந்தப் பக்கம்?", "குலதெய்வம் எது?" என்று கேட்டுக்கொண்டே போனார். பையன் சிரித்துச் சமாளித்தான். இப்போது மதியம் அவன் டப்பாவிலிருந்து யாரும் எடுப்பதில்லை, அவனுக்கு நீட்டுவதும் இல்லை. யாரும் ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. நான் தலையிட்டால் தப்பாகப் போய்விடுமோ?
– கோயம்புத்தூர்

இந்தக் கேள்வியை எழுதியதற்கு நன்றி. "எந்த ஊர்" என்பதில் தொடங்கி எங்கே போய் முடியும் என்று நம் எல்லாருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவனுக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாமல் ஒருவனைத் தனியாக உட்கார வைக்க நம் ஊரில் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம்.

தலையிடுங்கள். கூட்டம் போட்டுப் பேச வேண்டியதில்லை. நாளைக்கு அவன் பக்கத்தில் போய் உட்காருங்கள். உங்கள் டப்பாவைத் திறந்து நடுவில் வையுங்கள். அவன் டப்பாவில் என்ன இருக்கிறதோ அதில் கொஞ்சம் எடுத்துப் போட்டுக்கொண்டு, உப்பு கம்மி என்றோ "உன் அம்மா நன்றாகச் செய்கிறார்" என்றோ சாதாரணமாக எதையாவது சொல்லுங்கள். பெரிய தியாகம் செய்கிற முகத்தை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள், அது இன்னும் அவமானம். நீங்கள் சைவம் என்றால் சைவம் என்று சொல்லிவிட்டு அவனுக்கு உங்கள் பொரியலை வைக்கலாம், அதில் ஒன்றுமில்லை. ஒரு வாரம் நீங்கள் அங்கே உட்கார்ந்தால் இன்னும் இரண்டு பேர் வருவார்கள். பல பேருக்கு இதில் இஷ்டம் இருக்காது, முதல் ஆளாகப் போகத்தான் தயக்கம்.

சீனியர் அடுத்த தடவை யாரிடமாவது குலதெய்வம் விசாரிக்கும்போது, "சார், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் இன்னிக்குக் கடைசி நாள், அதை முதல்ல பாப்போம்" என்று குறுக்கே போங்கள். இரண்டு மூன்று முறை அப்படி நடந்தால் புரிந்துகொள்வார். புரியாவிட்டால் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டு மேசையோடு இது நிற்காது, அதையும் கவனியுங்கள். இயர் எண்டிங் வேலையை யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள், வங்கிக்கு யாரைக் கூட்டிப்போகிறார்கள், கிரகப்பிரவேசப் பத்திரிகை யார் மேசைக்கு வரவில்லை. அந்தப் பையன் 2 வருஷம் கழித்தும் வவுச்சர் ஒட்டிக்கொண்டே இருந்தால் அதற்குத் திறமைக்குறைவு என்று பெயர் வைப்பார்கள். உங்களுக்குத் தெரிந்த வேலையை அவனுக்குச் சொல்லிக்கொடுங்கள். அவனிடம் போய் "உனக்கு என்ன நடந்தது, நான் இருக்கேன்" என்று கதை மட்டும் கேட்காதீர்கள். சொல்ல நினைத்தால் அவனே சொல்வான். யாராவது பலர் முன்னிலையில் சாதியைச் சொல்லி இழிவாகப் பேசும் அளவுக்குப் போனால் அது ஆபீஸ் விவகாரம் இல்லை, 1989-ம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. அப்போது சாட்சி சொல்ல நீங்கள் தயாரா என்பதை இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மேனேஜருக்கு 34 வயது. 58 வயது வாட்ச்மேனை "வாய்யா, போய்யா" என்கிறார். கேட்டால் "நான் எல்லாரிடமும் உரிமையாகத்தான் பேசுவேன்" என்கிறார்.
– சேலம்

எம்.டி.யையும் "வாய்யா" என்கிறாரா?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் லைனில் இருக்கிறேன். லைன் சூப்பர்வைசர் பீஸ் குறைந்தால் கேட்கவே கூசுகிற மாதிரி பேசுகிறார். என் பக்கத்து மெஷின் பெண்ணிடம் தொட்டுப் பேசுகிறார். அவள் பயந்து லீவு போட்டுவிட்டாள். கமிட்டி இருப்பதாக நோட்டீஸ் போர்டில் போட்டிருக்கிறது, யார் என்றே தெரியாது. வெளியில் சொன்னால் வேலை போய்விடும்.
– திருப்பூர்

கண்ணு, முதலில் அந்தப் பெண்ணிடம் போனில் பேசுங்கள். நடந்தது என்ன தேதி, எந்த நேரம், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று இரண்டு பேரும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கிற பாலியல் தொல்லையைத் தடுக்க 2013-ல் வந்த சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற எந்த இடத்திலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண், உறுப்பினர்களில் பாதியாவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். சம்பவம் நடந்ததிலிருந்து 3 மாதத்துக்குள் புகாரை எழுத்தில் கொடுக்க வேண்டும், காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் தருவார்கள். எழுத வராவிட்டால் குழுவே எழுத உதவ வேண்டும். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும், அது நடக்கும்போது சூப்பர்வைசரையோ அந்தப் பெண்ணையோ வேறு லைனுக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாம் (அவரை மாற்றச் சொல்லுங்கள், அவள் எதற்கு மாற வேண்டும்). குழு இல்லவே இல்லை, அல்லது புகாரே முதலாளி மேல்தான் என்றால், மாவட்ட அளவில் உள்ளூர் புகார்க் குழு உண்டு, கலெக்டர் அலுவலகத்தில் விசாரியுங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணிலும் வழி சொல்வார்கள்.

காகிதத்தில் இருப்பது இதெல்லாம். லைனில் நிற்கிறவளுக்கு இது எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அதனால் இன்னொன்றும் சொல்கிறேன். 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த ஓர் இளம் தலித் பெண் கொலையானார், அவருடைய சூப்பர்வைசர் கைதானார். அதற்கப்புறம் பெண்களே தலைமை தாங்குகிற தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் நின்று, 2022 ஏப்ரலில் ஓர் ஒப்பந்தம் வந்தது. திண்டுக்கல் ஒப்பந்தம் என்பார்கள். அதில் ஆலை நிர்வாகம் மட்டுமில்லை, அந்தத் துணியை வாங்குகிற வெளிநாட்டு நிறுவனமும் கட்டுப்பட்டது. ஆலைக்குள் தொழிலாளிப் பெண்களிலிருந்தே சிலரைப் பயிற்சி கொடுத்துக் கண்காணிக்க வைத்தார்கள். கெட்ட வார்த்தை, தொடுவது, சாதி பேசுவது எதுவானாலும் முதலில் பக்கத்து மெஷின்காரியிடம் சொல்லலாம், சொன்னவளைப் பழிவாங்க முடியாது என்று ஏற்பாடு செய்தார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், தனியாக ஒருத்தி போய்ப் புகார் கொடுப்பதற்கும் லைனில் 8 பேர் சேர்ந்து போவதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும். நம்பிக்கையான 4 பேரை முதலில் பேசிச் சேருங்கள். சங்கத்தையும் தேடுங்கள்.

பிரசவ விடுப்பு முடிந்து வந்திருக்கிறேன். "ஆறு மாசம் ஜாலியா இருந்துட்டு வந்தாச்சு" என்று கிண்டல். பால் எடுக்க இடமில்லாமல் ஸ்டோர் ரூமில் நிற்கிறேன்.
– ஓசூர்

2017-ல் பிரசவ விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக ஆக்கினார்களே, அதே திருத்தத்தில் 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான இடைவேளை போக, பாலூட்ட தினமும் இரண்டு இடைவேளை உண்டு. இதை மெயிலில் எழுதிக் கேளுங்கள், வாயால் வேண்டாம். உள்ளே தாழ்ப்பாள் போடுகிற ஒரு ரூம், ஒரு பிளக் பாயின்ட், நாற்காலி, ஃபிரிட்ஜில் ஓர் இடம், இதற்கு மேல் என்ன செலவு? கிண்டல் செய்கிறவரிடம், ராத்திரி 3 மணிக்குப் போன் செய்து ஒருநாள் அந்த ஜாலியைக் காட்டுகிறேன் என்று சொல்லுங்கள்.

எங்கள் ஹோட்டலில் 8 ஒடிசாப் பையன்கள். நன்றாக வேலை செய்கிறார்கள், ஆனால் ஊருக்குப் போனால் சொன்ன நாளில் திரும்புவதே இல்லை. எங்கள் மாஸ்டருக்கும் அவர்களுக்கும் ஒத்துப்போகவில்லை.
– திருச்சி

எத்தனை நாள் லீவு கொடுக்கிறீர்கள்? 10 நாள் என்றால் போக வரவே 3, 4 நாள் ஓடிவிடும், டிக்கெட் கிடைக்காவிட்டால் அன்ரிசர்வ்டில் நின்றுகொண்டு போக வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை, ஒரு மாதம், 4 பேர் 4 பேராக முறை வைத்து விடுங்கள், டிக்கெட்டை நீங்களே முன்கூட்டிப் போட்டுக்கொடுங்கள். ரத யாத்திரை சமயத்தில் யாருக்குப் போக வேண்டும் என்று இப்போதே கேளுங்கள், நமக்குப் பொங்கல் மாதிரி அவர்களுக்கு அது. மாஸ்டரிடம் அந்த 8 பேரின் பெயரைக் கேட்டுப் பாருங்கள். "ஏய் ஹிந்தி" என்று கூப்பிடுகிற சமையற்கட்டில் எவன் திரும்பி வருவான்? அதுவும் அவர்கள் பேசுவது ஒடியா. கேஸ் சிலிண்டர், கொதிக்கிற எண்ணெய் பற்றிய எச்சரிக்கையை அவர்களில் ஒருவனை வைத்து ஒடியாவில் எழுதி ஒட்டுங்கள்.

ஒரே கம்பெனியில் 11 வருஷம். நல்ல வேலை கிடைத்து ராஜினாமா கொடுத்தேன். அன்றிலிருந்து முதலாளி என்னோடு பேசுவதில்லை, பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மனசு கஷ்டமாக இருக்கிறது. போகாமல் இங்கேயே இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.
– நாமக்கல்

இருந்துவிடாதீர்கள், போங்கள். அவருக்குக் கோபமில்லை, பயம். 11 வருஷ வேலை உங்கள் தலைக்குள் இருக்கிறது, அது வெளியே போகிறது. எந்த சப்ளையருக்கு எப்போது பணம் போக வேண்டும், எந்த மெஷின் எப்படி மக்கர் செய்யும் என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி அவர் மேசையில் வையுங்கள். வரப்போகிறவருக்கு 2 வாரம் கூட இருந்து சொல்லிக்கொடுங்கள். அவர் பேசினாலும் பேசாவிட்டாலும் நீங்கள் "வர்றேண்ணா" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

கிராஜுவிட்டியை (வேலையை விடும்போது கம்பெனி தர வேண்டிய பணிக்கொடை) மறந்துவிடாதீர்கள். 10 பேரோ அதற்கு மேலோ இருக்கிற கம்பெனியில் 5 வருஷம் தாண்டினாலே உண்டு. முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் என்று வைத்துக் கணக்கு. பி.எஃப். கணக்கில் வேலையை விட்ட தேதி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அனுபவச் சான்றிதழை லெட்டர்ஹெட்டில், சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் போட்டு, கிளம்புகிற அன்றைக்கே கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.